இருநூறு என்கிற பொய்

"ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. சிறிது நேரம் கழித்து முயற்சி செய்யுங்கள்."

கதையோ நாவலோ எதையும் படிக்காதவர்கள் கூட இந்த இரண்டு வாக்கியங்களைப் படித்திருப்பார்கள். ரயில் டிக்கெட் எடுக்கப் போனவர்கள், பையனுக்குக் கல்லூரி விண்ணப்பம் போடப் போனவர்கள், மின்சாரக் கட்டணம் கட்டப் போனவர்கள் எல்லாரும் படித்தாயிற்று. நான் வாக்கியம் எழுதிப் பிழைக்கிறவன். அந்த உரிமையில் சொல்கிறேன், இது ஒரு கோழை எழுதிய வாக்கியம். இதில் எழுவாய் 'தவறு'. மழை பெய்தது, காற்று அடித்தது என்பது போலத் தவறு தானாகவே நேர்ந்ததாம்! தவறியவன் யார்? நானா, நீங்களா, எங்கேயோ குளிர் அறையில் ஓடிக்கொண்டிருக்கிற அந்த யந்திரமா? ஆசாமியே வாக்கியத்தில் இல்லை. இப்படி ஒரு வாக்கியத்தை என் கதாபாத்திரம் ஒருவன் பேசினால், அவன் எதையோ மறைக்கிறான் என்று வாசகர்கள் உடனே தெரிந்துகொண்டுவிடுவார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இந்தச் செய்தி திரையில் தோன்றுவதற்கு ஒரு கணம் முன்னால், அதே யந்திரம் உங்கள் போனுக்கோ கம்ப்யூட்டருக்கோ மூன்று இலக்கத்தில் ஒரு பதில் சொல்லியாகிவிட்டது. அந்த எண்ணில் பெரும்பாலும் விஷயம் இருக்கும். உங்களுக்குச் சொல்லாததை உங்கள் போனிடம் சொல்லியிருக்கிறார்கள். சில இடங்களில் போனிடமும் பொய் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்காகத்தான் நான் இங்கே சண்டை போட வந்திருக்கிறேன். "உலகத்தில் சண்டை போட வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

'சர்வர்' என்ற சொல்லைத் தமிழன் கம்ப்யூட்டரிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. ஓட்டலில் கற்றுக்கொண்டான். 1964-ல் 'சர்வர் சுந்தரம்' என்று படமே வந்தாயிற்று. இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள ஓட்டல் சர்வரே போதும். விருத்தாசலம் ஜங்ஷன் பக்கம் நான் வழக்கமாகப் போகிற ஓட்டலில் ரவா தோசை கேட்டால் ரவா தோசை வருகிறது. அது 200. அடை கேட்டால், "அடை நம்ம கடையில போடறதே இல்லீங்க" என்கிறார். அது 404. "முன்னே போட்டுக்கிட்டிருந்தோம், இப்ப ஒரேயடியா நிறுத்திட்டோம்" என்றால் அது 410. டோக்கன் வாங்காமல் உட்கார்ந்தால் 401. கை கழுவப் போகிற சாக்கில் சமையற்கட்டுக்குள் நுழைந்தால் 403. நான் தூக்கக் கலக்கத்தில் உளறினால், "என்ன கேக்கறீங்கன்னே புரியலையே சார்" என்பார், அது 400. "மாஸ்டர் இன்னும் வரலை, அரை மணி கழிச்சு வாங்க" என்றால் 503. அந்த 'அரை மணி' கூட விதிமுறையில் உண்டு. எப்போது திரும்பி வரலாம் என்று பதிலோடு சேர்த்துச் சொல்வதற்கு ஓர் இடமே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே அடுப்பு அணைந்து, மாவு கொட்டி, என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாவிட்டால் 500.

அந்த ஓட்டல் சர்வர் எத்தனை வகுப்பு படித்தவர் என்று எனக்குத் தெரியாது. ஆனால் இல்லாத அடைக்கு ஒரு வெறும் தட்டைக் கொண்டுவந்து வைத்து, "இந்தாங்க சார், அடை" என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லை.

டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவிலே உலகளாவிய வலையை உண்டாக்கிய புதிதில், 1991-ல், இந்த எண்களெல்லாம் கிடையாது. கேட்டால் பக்கம் வரும். கோளாறு என்றாலும் அதைச் சொல்லும் ஒரு பக்கம்தான் வரும். மனிதன் படித்துப் புரிந்துகொள்ள வேண்டியது. யந்திரத்துக்கு வித்தியாசம் தெரியாது. அது போதாது என்று சீக்கிரமே தெரிந்துவிட்டது. கோப்புகளை அனுப்பவும் அஞ்சல் அனுப்பவும் அதற்கு முன்பே வழக்கத்தில் இருந்த மூன்று இலக்கப் பதில் முறையை இதற்கும் எடுத்துக்கொண்டார்கள். 1996 மே மாதம் வெளியான விதிமுறையில் அது பதிவாயிற்று. இப்போது நடைமுறையில் இருப்பது 2022 ஜூனில் வெளியான ஆர்.எப்.ஸி. 9110 என்கிற ஆவணம். (ஜெனீவாவில் 404 என்று ஓர் அறை இருந்தது, அங்கேதான் காணாமற்போன காகிதங்களையெல்லாம் தேடுவார்கள் என்று ஒரு கதை சொல்வார்கள். கட்டுக்கதை. எனக்கு அந்தக் கதை பிடிக்கும்; அதற்காக அது உண்மையாகிவிடாது.)

இந்த முறையின் அழகெல்லாம் முதல் இலக்கத்தில் இருக்கிறது. இரண்டு என்றால் காரியம் முடிந்தது. மூன்று என்றால் வேறு இடத்துக்குப் போ. நான்கு என்றால் கேட்டவன் பக்கத்தில் குறை. ஐந்து என்றால் கொடுக்க வேண்டியவன் பக்கத்தில் குறை. பின்னால் வருகிற இரண்டு இலக்கங்களும் புரியாவிட்டாலும் பரவாயில்லை, முதல் இலக்கத்தைக் கண்டிப்பாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. 471 என்று யாரும் கேள்விப்படாத ஓர் எண் வந்தால் கூட, அதை 400 போலக் கொண்டு நடக்க வேண்டியது. ஆக, உலகத்திலுள்ள அத்தனை சர்வர்களும் ஒவ்வொரு கேள்விக்கும், "குறை உன்னுடையதா, என்னுடையதா?" என்பதற்கு முதலில் பதில் சொல்லிவிட்டுத்தான் மேலே பேச வேண்டும். நம் ஊரில் எந்த ஆபீஸ் குமாஸ்தாவிடமாவது இந்தப் பதிலை நாம் முதல் கேள்வியிலேயே வாங்கியிருக்கிறோமா?

மூன்றாம் வரிசைக்கு எங்கள் ஊரை விட நல்ல உதாரணம் கிடையாது. சுந்தரமூர்த்தி நாயனார் திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். அந்தத் திருமுதுகுன்றம்தான் இன்றைய விருத்தாசலம். பொன்னை இங்கே மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொள்ளும்படி அருள்வாக்கு ஆயிற்று. 'ஆற்றிலே போட்டுவிட்டுக் குளத்திலே தேடுகிறான்' என்று நாம் பரிகாசமாகச் சொல்வதற்கு மூலம் இதுதான் என்பார்கள். ஆனால் அங்கே பரிகாசத்துக்கு என்ன இருக்கிறது? 'இங்கே இல்லை, இன்ன ஊரில் இன்ன குளத்தில் இருக்கிறது' என்று புது விலாசம் தெளிவாகச் சொல்லப்பட்டது. 302 என்பதும் அவ்வளவுதான். நாயனாரும் சும்மா நம்பிப் போகவில்லை. அங்கே கிடைக்கிற பொன் இதே பொன்தானா என்று பார்க்க ஒரு துண்டு மச்சம் வெட்டிக் கையில் வைத்துக்கொண்டுதான் போனார். தெய்வத்திடம் கூட மாதிரி வாங்கிக்கொண்டவர் நடந்த ஊரில், ஓர் ஆபீசின் இணையதளம் சொல்வதை மட்டும் நாம் அப்படியே நம்ப வேண்டுமாம்!

இந்த ஊருக்கு இன்னொரு புகழ் பீங்கான். பீங்கான் தொழிலுக்கென்றே ஒரு பாலிடெக்னிக் இங்கே உண்டு. பொம்மை, அகல், மின்சாரக்காரர்களுக்கு வேண்டிய பியூஸ் கட்டை, இன்சுலேட்டர் எல்லாம் செய்கிறார்கள். சூளையிலிருந்து வந்த சாமானை விரலால் சுண்டிப் பார்த்தால் நல்லது 'கணீர்' என்கும். விரிசல் விட்டது 'டொக்' என்கும். மேலே எத்தனை பளபளப்பாகக் கிளேஸ் பூசியிருந்தாலும் சத்தம் மறைவதில்லை. பியூஸ் கட்டையைப் பாருங்கள். வீட்டிலே கோளாறு என்றால் அது தான் அறுந்துபோய் வீட்டைக் காப்பாற்றுகிறது. அறுந்த பிறகும் விளக்கு எரிகிற மாதிரி பாசாங்கு செய்கிற பியூஸ் கட்டையை எந்தப் பட்டறைக்காரரும் செய்ய மாட்டார். செய்தால் வீடு எரியும்.

இணையதளங்களில் இந்தப் பாசாங்குக்குப் பெயர் 200. உள்ளே காரியம் கெட்டுவிட்டது, பக்கத்தில் 'மன்னிக்கவும்' என்று எழுதியிருக்கிறது, ஆனால் எண் மட்டும் 'எல்லாம் சுகம்' என்று சொல்கிறது. கூகிள்காரர்கள் இந்த ஜாதிக்கு 'மெத்து 404' என்ற அர்த்தத்தில் 'சாஃப்ட் 404' என்று பெயர் வைத்து, தளம் நடத்துகிறவர்களுக்கு அறிக்கை கொடுத்துக் கண்டிக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஓர் அகல் விளக்குப் பட்டறைக்காரர் ஒரு மானிய விண்ணப்பம் போடப் போனார். கடைசித் தேதி, சாயங்காலம். பிரௌசிங் சென்டரில் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்தினால் தலைப்பு மட்டும் வந்தது, கீழே வெறுமை. மறுபடி அழுத்தினார். மறுபடியும் வெறுமை. "நான்தான் தம்பி எங்கியோ தப்பா அமுக்கிட்டேன் போல" என்றார்.

"நீங்க ஒண்ணும் தப்புப் பண்ணலை அண்ணே" என்று சொல்லி, அந்தக் கடைப் பையன் எஃப்-12 விசையைத் தட்டி, 'நெட்ஒர்க்' என்ற பகுதியைத் திறந்து காட்டினான். மூன்று தடவையும் 200. அதன் அடியில், மனிதன் கண்ணுக்குப் படாத இடத்தில், தகவல் களஞ்சியத்தோடு தொடர்பு அறுந்துபோயிற்று என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. மறுநாள் விசாரிக்கப் போனபோது அந்த ஆபீசில் சொன்ன பதில்: "எங்க பக்கம் நேத்து ஒரு எரர் கூட பதிவாகலையே!" எப்படிப் பதிவாகும்? அழும் குழந்தையின் வாயைப் பொத்திவிட்டு, வீட்டில் அழுகைச் சத்தமே இல்லை என்று கணக்கு எழுதினால்? அந்த ஆபீசின் பெயர் இங்கே வேண்டாம். ஒரு கடையை மட்டும் ஏசிவிட்டுப் போக நான் வரவில்லை. இது ஊர் வழக்கமாகிவிட்டது.

பட்டறைக்காரர் தம்மையே குற்றம் சொல்லிக்கொண்டாரே, அதுதான் என் நெஞ்சில் தைத்த இடம். தளம் விழுந்தால் முதலில் தங்களை நொந்துகொள்கிறவர்கள் பென்ஷன்காரர்களும், வீட்டுப் பெண்களும், இவர் மாதிரிக் கைத்தொழில்காரர்களும்தான். "எனக்குத்தான் கம்ப்யூட்டர் வராது" என்று ஐந்தாம் வரிசைக் குற்றத்தை நான்காம் வரிசையாக்கித் தலையில் சுமந்துகொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். 'ஏதோ தவறு' என்று எழுதுகிறவனுக்கு இதைவிடச் சௌகரியம் வேறென்ன வேண்டும்?

சென்னையில் இந்தத் தொழிலிலேயே இருக்கிற இளைஞர் ஒருவர் என்னோடு வாதாடினார். கெட்டிக்காரர், யோக்கியர். "எண்ணைக் காட்டினா ஜனங்க பயந்துடுவாங்க சார்" என்பது அவருடைய முதல் கட்சி. ரயில்வே கைடில் வண்டி எண் படிக்கிற ஜனம், பாங்கில் பதினோரு எழுத்து ஐ.எஃப்.எஸ்.சி. கோடு எழுதித் தருகிற ஜனம், மூன்று இலக்கத்துக்குப் பயப்படுமாம்! சரி, காட்ட வேண்டாம். 'குறை எங்களுடையது, உங்கள் பணம் பிடிக்கப்படவில்லை, ஆறு மணிக்கு மேல் வாருங்கள்' என்று தமிழில் எழுதுவதை யார் தடுத்தார்கள்? ஐந்நூறு என்பதை மொழிபெயர்த்தால் இதுதான் வரும்.

"உள்விவரத்தைச் சொன்னா திருடன் அதை வெச்சு உள்ளே வந்துடுவான் சார்" என்றார் அடுத்து. இதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தக் கோப்பில் எந்த வரியில் கோளாறு என்று வாசலில் ஒட்ட வேண்டியதில்லை. தனிப்பட்ட ஒரு பக்கம் இருப்பதையே பிறருக்குக் காட்ட விரும்பாதவன் 403-க்குப் பதில் 404 சொல்லலாம் என்று விதிமுறையே அனுமதிக்கிறது. பூட்டிய பெட்டி இருப்பதைத் திருடனுக்குச் சொல்ல வேண்டாம் என்ற அளவில் அது சரி. ஆனால் வெறும் '500' என்ற எண் திருடனுக்கு எந்தச் சாவியைக் கொடுக்கிறது?

மூன்றாவதாக அவர் சொன்னதுதான் உண்மைக் காரணம். பழைய நாளில் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்ப்ளோரர் பிரௌசர், தளம் அனுப்பும் பிழைப் பக்கம் ரொம்பச் சின்னதாக இருந்தால் அதைத் தூக்கி எறிந்துவிட்டுத் தன் சொந்தச் செய்தியைக் காட்டும். அதற்கு 'நட்பான செய்தி' என்று பெயர் வேறு! அதிலிருந்து தப்பிக்கச் சிலர் எல்லாவற்றுக்கும் 200 போடப் பழகினார்கள். அந்த பிரௌசர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. பழக்கம் ஓய்வு பெறவில்லை. அதோடு, ஐந்தாம் வரிசை எண்களை எண்ணித்தான் 'தளம் எத்தனை சதவீத நேரம் ஒழுங்காக நடந்தது' என்று கணக்கெடுக்கிற வழக்கமும் இருக்கிறது. பொய்க்குக் கூலியும் கிடைக்கும்போது மெய் சொல்ல யார் வருவான்?

இந்தப் பொய்யின் சேதம் யந்திரங்களுக்கு நடுவிலும் பரவுகிறது. இடையில் நின்று பக்கங்களைச் சேமித்துத் தருகிற சர்வர்கள் 200-ஐ நம்பி அந்த வெறும் பக்கத்தையே எடுத்து வைத்துக்கொண்டு, தளம் சரியான பிறகும் வருகிறவர்களுக்கெல்லாம் அதையே பரிமாறக் கூடும். 503 என்றிருந்தால் பிறகு வந்து கேட்டிருக்கும். பணம் கட்டுகிற காரியத்தில் இது இன்னும் ஆபத்து. ஒரே பக்கத்தைப் பத்து தடவை கேட்டுப் படித்தால் ஒன்றுமில்லை; ஒரே பணத்தைப் பத்து தடவை அனுப்பினால்? முதல் தடவை ஆயிற்றா இல்லையா என்று நிச்சயமாகச் சொல்வதுதான் அந்த எண்ணுக்கு ஏற்பட்ட வேலை.

இதுவரை சொன்னது சோம்பேறிகளின் பொய். இனி அதிகாரத்தின் மௌனத்துக்கு வருகிறேன்.

2012-ல் இங்கிலாந்தில் நீதிமன்ற உத்தரவின்படி 'பைரேட் பே' என்ற தளத்தை மூடினார்கள். அங்கே வாசகர் ஒருவர் அதைத் திறந்து பார்த்தபோது 403 வந்தது. தளம் அவரை மறுக்கவில்லையே, நடுவில் நின்ற கம்பெனிதானே சட்டத்துக்காக மறுத்தது, இதற்கு ஒரு தனி எண் வேண்டாமா என்று அவர் எழுதினார். டிம் பிரே என்பவர் அதை எடுத்துக்கொண்டு விதிமுறையாக்கினார். புத்தகம் எரிக்கும் தேசத்தைப் பற்றி ரே பிராட்பரி 1953-ல் எழுதிய நாவலின் பெயரிலிருந்து 451 என்ற எண்ணை எடுத்தார். 2016 பிப்ரவரியில் ஆர்.எப்.ஸி. 7725 வெளியாயிற்று. ஒரு நாவலாசிரியனுக்கு நோபல் பரிசைவிடப் பெரிய மரியாதை இது என்பது என் கட்சி. 2018 மே மாதம் ஐரோப்பாவின் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது, அமெரிக்கப் பத்திரிகைகள் சில ஐரோப்பிய வாசகர்களுக்கு இந்த எண்ணைக் காட்டித்தான் கதவைச் சாத்தின. சாத்தியது சரியோ தப்போ, காரணம் சொல்லிச் சாத்தினார்கள்.

நம் ஊருக்கு வருவோம். 2025 பிப்ரவரி 15-ஆம் தேதி விகடனின் இணையதளம் பலருக்குத் திறக்கவில்லை. சில நாட்களுக்கு முன் அவர்களுடைய மின்னிதழில் பிரதமரைப் பற்றி ஒரு கார்ட்டூன் வந்திருந்தது. முடக்கம் பற்றி அன்றைக்கு வாசகருக்கு எந்த அதிகாரபூர்வமான அறிவிப்பும் இல்லை. தன் போன் கெட்டுவிட்டதா, டேட்டா தீர்ந்துவிட்டதா, பத்திரிகைக்காரர்களின் சர்வர் விழுந்துவிட்டதா என்று அவரவர் திண்டாட வேண்டியதாயிற்று. அப்புறம் விஷயம் வெளிவந்தது, வழக்கு நடந்தது. அந்தக் கார்ட்டூன் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டால் தளத்தைத் திறந்துவிட வேண்டும் என்று மார்ச் 6-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது.

கார்ட்டூன் சரியா, தப்பா என்பது வேறு வழக்கு. நான் அதற்கு வரவில்லை. அதே விகடனுக்கு 1987-லும் ஒரு கார்ட்டூனால் வினை வந்தது. ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்குச் சட்டசபை மூன்று மாதச் சிறை விதித்தது. அது அநியாயம் என்று ஊரே கொதித்து, சில நாட்களில் அவர் வெளியே வந்தார். ஆனால் ஒன்று பாருங்கள். யார் தண்டித்தது, எதற்காக, எத்தனை நாள் என்பது தமிழ்நாட்டில் டீக்கடை வரைக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் கொதிக்க முடிந்தது. 2025-ல் முதல் ராத்திரி கொதிக்க வேண்டியவன் தன் வீட்டு வைஃபை பெட்டியை அணைத்து அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

தளங்களை முடக்கும் அதிகாரம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69-ஏ பிரிவில் இருக்கிறது. அதன் கீழ் 2009-ல் போட்ட விதிகளில் பதினாறாவது, இந்த நடவடிக்கைகளெல்லாம் ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இந்தப் பிரிவை நிலைநிறுத்தியபோது, காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருப்பதையும் சுட்டிக்காட்டித்தான் நிலைநிறுத்தியது. ஆக, காரணம் எழுதப்படுகிறது. படிக்க வேண்டியவனுக்குத்தான் அது கிடைப்பதில்லை.

"451 போட முடியாது சார்" என்றார் நம் இளைஞர், இந்த இடத்தில். "இப்ப எல்லாம் பூட்டின கவர்ல போகுது. நடுவுல இருக்கற கம்பெனி அதுக்குள்ள ஒரு எண்ணைச் செருக முடியாது. கம்பியைத்தான் அறுக்க முடியும்." வாஸ்தவம். போன் கம்பெனிகள் அதைத்தான் செய்கின்றன. சில, விலாசம் பார்க்கும் கட்டத்திலேயே தப்பு விலாசம் கொடுக்கின்றன. சில, கவரின் மேலே எழுதியிருக்கிற பெயரைப் படித்துவிட்டுத் தொடர்பை அறுக்கின்றன. பெங்களூரின் 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி'யைச் சேர்ந்தவர்கள் ஆராய்ந்து, கம்பெனிக்குக் கம்பெனி முறையும் வேறு, முடக்கிய தளங்களின் பட்டியலும் வேறு என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் விலாசம் பார்க்கும் கட்டத்துக்கும் எண் உண்டே! 2020 அக்டோபரில் வெளியான ஆர்.எப்.ஸி. 8914-ல், விலாசம் சொல்லும் சர்வர் தன் மறுப்போடு சேர்த்துச் சொல்வதற்குப் பல எண்கள் கொடுத்திருக்கிறார்கள். 15 என்றால் 'நானே தடுத்தேன்'. 16 என்றால் 'வெளியிலிருந்து ஒருவர் கட்டளையிட்டதால் தடுத்தேன்'. அந்த எண்ணுக்கு அவர்கள் வைத்த பெயரே 'தணிக்கை'. 17 என்றால் 'நீ தடுக்கச் சொன்னாய், தடுத்தேன்'. முடியாது என்பது கம்பி அறுக்கிறவனுக்கு ஓரளவு பொருந்தும். அறுக்கச் சொன்னவருக்கு எப்படிப் பொருந்தும்?

451-க்கான விதிமுறை கேட்பது அதிகமில்லை. யார் கேட்டதனால் மூடினோம், எந்தச் சட்டத்தின் கீழ், யாருக்கு, எந்தப் பக்கத்துக்கு என்று பதிலோடு சேர்த்து எழுத வேண்டும். டில்லியிலிருந்து கம்பெனிகளுக்குப் போகிற ஒவ்வொரு கடிதத்துக்கும் தேதி உண்டு, சட்டப் பிரிவு உண்டு, கையெழுத்துப் போட்ட அதிகாரி உண்டு. புதிதாக ஒன்றும் எழுத வேண்டாம். அந்தக் கடிதத்தின் தேதியையும் பிரிவையும் அரசாங்கத்தின் சொந்தத் தளத்தில் ஒரு பக்கத்தில் போட்டால் போதும். அந்தப் பக்கத்தை நான் திறக்கும்போது 200 வரட்டும்.